நாள் பூரா ஓடாத மெஷின்

சின்ன முதலாளிக்குக் கம்ப்யூட்டரைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று நான் சொல்லமாட்டேன். ஒன்றும் தெரியாதவர்களோடு எப்படியாவது காலம் தள்ளிவிடலாம். அவருக்குக் கொஞ்சம் தெரியும். அதுதான் எங்களைப் பிடித்த சனி.

சிவகாசியில் ஓர் அச்சகத்தில் டிசைனராக இருந்தேன். விருதுநகரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருவேன். வருஷத்தின் முதல் பாதியில் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் செய்வோம். கொழுகொழு குழந்தை, பல்லைக் காட்டும் புலி, எந்த நாட்டிலும் இல்லாத ஒரு விண்வெளி வீரன். ஆடி பிறந்துவிட்டால் காலண்டர். ஒரு முருகன் படத்தில் மயில் தோகைக்கு மட்டுமே எத்தனையோ அடுக்குகளாக நிறம் வைத்திருப்போம். ஃபைல் அவ்வளவு கனமாகிவிடும். அதைத் திறக்க, ஆர்டர் கொடுத்த கடைக்காரர் சொன்னபடி திருத்த, அச்சடிக்கும் பிளேட் போடும் பிரிவுக்கு ஏற்ற ஃபைலாக மாற்ற, கம்ப்யூட்டருக்குத் திராணி வேண்டும். காலண்டர் சீசனில் காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம்வரை இதே வேலைதான், ஒரு சாமி மாற்றி ஒரு சாமி.

என்னுடைய டெஸ்க்டாப் நானே கேட்டு வாங்கியது. பெரிய முதலாளி பொறுப்பில் இருந்த காலத்தில், "வேல பாக்கப் போறது நீதானம்மா, எது வேணுமோ அதச் சொல்லு" என்றுவிட்டார். விருதுநகரில் எனக்குத் தெரிந்த ஒருவர் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து கொடுப்பார். அவருடைய கடையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு பாகமாகக் கேட்டுக் கேட்டுத் தேர்ந்தெடுத்தேன். புராசஸர்களை மூன்று, ஐந்து, ஏழு என்று ரகம் பிரித்து விற்பார்கள். எண் கூடினால் வேகம் கூடும் என்று அர்த்தம். நான் ஏழு கேட்டேன். அவர் அதன்மேல் என் உள்ளங்கையைவிடப் பெரிய ஓர் அலுமினியக் கட்டியையும் ஒரு ஃபேனையும் மாட்டினார். "இது எதுக்குண்ணே இம்புட்டு பெருசா?" என்று கேட்டதற்கு, "நீங்க நிறுத்தாம வேல பாப்பீகள்ல, அதுக்குத்தான்" என்றார். அன்றைக்கு எனக்கு அது விளங்கவில்லை. விளங்க வேண்டிய தேவையும் வரவில்லை. அந்தப் பெட்டி என் மேஜைக்கு அடியில் ஒரு நாளும் மூச்சு வாங்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

பெரிய முதலாளிக்கு முட்டி தேய்ந்து வீட்டோடு இருக்க ஆரம்பித்த பிறகு மகன் வந்தார். டெல்லியில் ஏதோ கண்காட்சி பார்த்துவிட்டு வந்தவர் எங்கள் டிசைன் அறைக்குள் நுழைந்து, நாங்கள் நாலு பேரும் நாலு பெட்டியுமாக உட்கார்ந்திருப்பதை மூக்கைச் சுளித்துக்கொண்டு பார்த்தார்.

"இன்னுமா டெஸ்க்டாப்பு? இனிமே எல்லாருக்கும் லேப்டாப். உலகம் பூரா அப்பிடித்தான் வேல பாக்குறாங்க."

மற்ற மூவரும் என்னைப் பார்த்தார்கள். வயதில் மூத்தவள் நான்தான்.

"சார், லேப்டாப்ல பில்லு போடலாம், மெயில் பாக்கலாம். காலண்டர் சீசன்ல நம்ம ஃபைலத் தாங்குமா?"

"உங்க மெஷின்ல என்ன புராசஸரு?"

"ஏழு சார்."

"அதுலயும் ஏழுதான். உங்களது பழைய ஏழு, அது புது ஏழு. சும்மா சொன்னா நம்ப மாட்டீங்க. டெஸ்ட் வச்சே பாத்துருவோம்."

அடுத்த வாரம் மதுரையிலிருந்து டீலர் ஒருவர் லேப்டாப்போடு வந்தார். மத்தியானம் அவருக்கு எங்கள் ஊர் எண்ணெய் புரோட்டா வாங்கிவரச் சொல்லியிருந்தார் சின்ன முதலாளி. மனிதர் அதை ஒரு கட்டு கட்டிவிட்டு, கையைப் பேருக்கு ஒரு காகிதத்தில் துடைத்துக்கொண்டு, நேரே வந்து லேப்டாப்பைத் திறந்தார். புதுத் திரையில் அவர் விரல் பட்ட இடமெல்லாம் சால்னா மினுங்கியது. அந்த விரலாலேயே முருகன் முகத்தைத் தொட்டு, "கலரைப் பாருங்க மேடம், சும்மா தகதகன்னு" என்றார்.

டெஸ்ட் இதுதான். ஒரே காலண்டர் ஃபைலை இரண்டு மெஷினிலும் திறந்து, பிளேட்டுக்குப் போகும் ஃபைலாக மாற்ற வேண்டும். யாருடையது முதலில் முடிகிறது என்று பார்க்க வேண்டும். இரண்டையும் ஒரே சமயத்தில் தட்டினோம்.

லேப்டாப் ஜெயித்தது.

கொஞ்ச நஞ்சமாக அல்ல, நன்றாகவே ஜெயித்தது. என் பெட்டி பாதி தூரம் தாண்டிக்கொண்டிருக்கும்போதே அது முடித்துவிட்டு நின்றது. சின்ன முதலாளி கை தட்டினார். அவர் தட்டினால் மற்றவர்களும் தட்ட வேண்டும். தட்டினார்கள். என் பக்கத்து மேஜைப் பெண், மல்லாங்கிணற்றிலிருந்து வருபவள், அவளும் தட்டினாள். பிறகு என்னைப் பார்த்ததும் கையை மடியில் மறைத்துக்கொண்டாள்.

"இப்ப என்னக்கா சொல்றீங்க?" என்றார் சின்ன முதலாளி.

கண்ணால் பார்த்ததை இல்லை என்று சொல்ல முடியுமா? "நல்லாத்தான் இருக்கு சார்" என்றேன். டீலர் ஏப்பம் விட்டார்.

பதினைந்து நாள்கூட ஆகவில்லை, பெட்டிகள் போய்விட்டன. எக்ஸ்சேஞ்சில் கொடுத்தாயிற்று என்றார்கள். பெட்டிகளோடு அறையும் போயிற்று. லேப்டாப்பை எங்கே வைத்தும் வேலை பார்க்கலாமே, இந்த ஏசி அறையில் உங்களுக்கு என்ன வேலை என்றார் சின்ன முதலாளி. அங்கே கண்ணாடி அலமாரி அடித்து, வருகிற பார்ட்டிகளுக்குக் காலண்டர் மாடல் காட்டும் ஷோரூம் ஆக்கினார்கள். ஆர்டர் கொடுப்பவரைப் பார்ட்டி என்றுதான் நாங்கள் சொல்வோம். எங்கள் நாலு பேரையும் மாடிக்கு அனுப்பினார்கள். தகரக் கூரை. ஒரு பக்கம் பழைய லேபிள் கட்டுகள், மறுபக்கம் நாங்கள். லேப்டாப் வாங்கியதே அந்த அறைக்காகத்தான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. டெஸ்ட்டு, புது ஏழு, பழைய ஏழு எல்லாம் கண்துடைப்பு.

ஆடியில் சிவகாசி வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. காற்று அடிக்கும், ஆனால் அடுப்பை ஊதிவிட்ட மாதிரிதான் அடிக்கும். காலையில் முதல் ஃபைல் சிட்டாகப் பறந்தது. இரண்டாவதும் பரவாயில்லை. அதற்குப் பிறகு லேப்டாப் உள்ளேயிருந்து ஊய் என்று ஒரு சத்தம் கிளம்பும். கீபோர்டு சுடும். 'ஏ' என்று தட்டினால் திரையில் 'ஏ' வர யோசிக்கும். பத்து மணிக்கு ஒரு மூச்சில் முடிந்த வேலை பன்னிரண்டு மணிக்கு மூன்று மடங்கு நேரம் இழுத்தது. வியர்வை கையில் வழிந்து, அந்தச் சூட்டில் காய்ந்து, கை வைக்கும் இடத்தில் உப்புப் பூத்துப் பிசுபிசுவென்று ஒட்டியது. சூடான பிளாஸ்டிக்கும் வியர்வையும் கலந்த ஒரு நாற்றம். சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால் சோற்றிலும் அதே நாற்றம் அடிப்பதாகத் தோன்றும்.

மல்லாங்கிணற்றுப் பெண் லேபிள் கட்டுகளை இரண்டு ஓரமும் அடுக்கி, லேப்டாப்பை அதன்மேல் பாலம் மாதிரி தூக்கி வைத்தாள். வீட்டிலிருந்து ஒரு டேபிள் ஃபேன் கொண்டுவந்தாள். அதை மெஷின் பக்கம் திருப்பினால் எங்களுக்குக் காற்று இல்லை, எங்கள் பக்கம் திருப்பினால் மெஷின் நின்றுவிடும். ஒரு நாள் ஐஸ் தண்ணீரைப் பாலித்தீன் பையில் கட்டி அடியில் செருகினாள்.

"ஏம்மா, பொத்துக்கிட்டு ஊத்திருச்சுன்னா?" என்றேன்.

"ஊத்தட்டும்க்கா. செத்துச்சுன்னா நாலு நா நிம்மதியா இருக்கலாம்."

அசெம்பிள்காரரிடம் போனேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆத்திரத்தோடு லேப்டாப்பையே தூக்கிக்கொண்டு போனேன். அவர் திரையில் புராசஸரின் முழுப் பெயரை எடுத்துக் காட்டினார். ஏழுக்குப் பின்னால் ஒரு வரிசை எண், அதன் கடைசியில் 'யூ' என்று ஓர் எழுத்து.

"இது கரண்ட்டு கம்மியா இழுக்குற ஜாதி. பேட்டரில ஓடணும், மெலிசா இருக்கணும்னு செஞ்சது. மொதக் கொஞ்ச நேரம் தம் கட்டி ஓடும், புதுசுங்கறதால உங்க பழச முந்திக்கூட ஓடும். சூடு ஏறுனதும் தானே வேகத்தக் கொறச்சுக்கிரும். இல்லைன்னா வெந்துபோகும்ல? உங்க டெஸ்க்டாப்புல அம்புட்டுப் பெரிய கட்டிய மாட்டுனேனே, அதுக்கு இதுல எங்கன இடம்?"

"அப்ப டெஸ்ட்டுல ஜெயிச்சது?"

"ஒரு ஃபைலுதானே ஓட விட்டீக? ஒரு ஃபைலுன்னா அதுதான் ஜெயிக்கும். காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் ஓட விட்டுப் பாத்தீகளா?"

எல்லா லேப்டாப்பும் மோசம் என்றும் அவர் சொல்லவில்லை. கனமான லேப்டாப்கள் இருக்கின்றன, கடைசியில் வேறு எழுத்துப் போட்டிருக்கும், அதிலேயே பெரிய ஃபேன் இருக்கும், ஓரளவு தாக்குப்பிடிக்கும் என்றார். அதுகூட எங்களுக்கு வாங்கவில்லை. பார்வைக்கு மெலிசாக இருப்பதைத்தான் வாங்கியிருக்கிறார்கள். ஷோரூமுக்கு வரும் பார்ட்டி முன்னால் ஒரு கையால் தூக்கிக் காட்ட வசதி.

திங்கட்கிழமை சின்ன முதலாளியிடம் போய் நின்றேன். அவருக்குப் புரிகிற மாதிரி சொல்ல வேண்டும் என்று பஸ்ஸிலேயே யோசித்து வைத்திருந்தேன்.

"சார், லேபிள் ஒண்ணுதான். உள்ள மருந்து வேற சார். மத்தியானம் மாடியில வச்சு, தொடர்ந்து பத்து ஃபைல் ஓட்டிப் பாருங்க. இன்னொரு டெஸ்ட் வைங்க."

அவர் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "எதோட வைக்கச் சொல்றீங்க? பழசெல்லாம்தான் போயிருச்சே." பிறகு சிரித்தார். "மெஷினு மேல பழி போடாதீங்கக்கா. ஆளோட வேகத்துக்குத்தான் மெஷினு ஓடும்."

மறுநாள் எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் யார் எத்தனை ஃபைல் முடித்தார்கள் என்று போட ஆரம்பித்தார். கடைசிப் பெயர் என்னுடையது. பெரிய காலண்டர்களை எனக்குத்தான் கொடுப்பார்கள், அது எல்லாருக்கும் தெரியும். அதைப் பற்றிக் குரூப்பில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. கீழே அக்கவுண்ட்ஸ் பார்ப்பவர் மட்டும் ஒரு கட்டைவிரல் படம் போட்டார். யாருக்குப் போட்டாரோ.

லேப்டாப்பினால் இன்னொரு வசதி உண்டு என்பதை நாங்கள் யோசிக்கத் தவறிவிட்டோம். வீட்டுக்குத் தூக்கிப் போகலாம். "மெஷின் கையிலதானே இருக்கு, அந்தத் திருத்தத்த மட்டும் முடிச்சு அனுப்பிருங்க" என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் மெசேஜ் வரும். தோசை ஊற்றிக்கொண்டே லட்சுமியின் சேலைக்குப் பச்சையைக் குறைப்பேன். வீட்டில் மேஜை கிடையாது. கட்டிலில் உட்கார்ந்து மடியில் வைத்துத்தான் வேலை. சில வாரங்களில் இரண்டு தொடையிலும் சேலையைத் தாண்டிச் சூடு ஏறி, வலை பின்னின மாதிரி பழுப்பாகக் கோடுகள் விழுந்தன. முதலில் அழுக்கு என்று நினைத்துத் தேய்த்துத் தேய்த்துக் குளித்தேன். போகவில்லை. என் உடம்பை நானே பார்க்கக் கூசியது.

என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "மடியில நெருப்பக் கட்டிக்கிட்டு யாருக்கு உழைக்கிறே நீ?" என்றார். அவர் பருப்பு மில்லில் வேலை பார்ப்பவர். கோபம் வந்தால்தான் இப்படிப் பழமொழி மாதிரி பேசுவார்.

சீசன் உச்சத்தில் காரியாபட்டிப் பக்கமிருந்து ஒரு பார்ட்டி வந்தார். உரக்கடை வைத்திருப்பவர். தன் போட்டோவைப் பிள்ளையாருக்குப் பக்கத்தில், பிள்ளையார் அளவுக்கே போட வேண்டும் என்றார். பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து, "மீசைய இன்னும் கொஞ்சம் கறுப்பாக்கு தாயி, கழுத்துச் சதையக் கொறச்சுவிடு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். சின்ன முதலாளி பின்னால் நின்றார். கூரை அனல் தலையில் இறங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு சேவும் அவ்வளவு நேரம் இழுக்கும் என்பதால் அன்றைக்கு அப்போதுதான் முதல் சேவ் கொடுத்தேன். பாதியில் திரை கறுத்து, லேப்டாப் அணைந்தது. சூடு தாங்காமல் தானே அணைந்துகொண்டது. திரும்பத் திறந்தபோது பிள்ளையார் மட்டும் இருந்தார். காலையிலிருந்து செய்த மீசை, கழுத்து, கடைப் பெயர் எல்லாம் போய்விட்டது.

"என்னப்பா இது?" என்றார் உரக்கடைக்காரர்.

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி. அக்கா பழைய ஆளு. இவங்களுக்குப் புது மெஷினு இன்னும் கைக்குப் பழகல" என்றார் சின்ன முதலாளி.

சொல்லும்போது என் நாற்காலி முதுகில் தட்டிக் கொடுத்தார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பியிருந்தால் என் முகத்தில் இருந்ததை அவர் பார்த்திருப்பார். உரக்கடைக்காரரின் கழுத்துச் சதையை மறுபடியும் முதலிலிருந்து வெட்ட ஆரம்பித்தேன்.

அந்த வாரம் ஒரு கல்யாணத்துக்கு லீவு கேட்க முன்பக்கம் போனேன். சின்ன முதலாளி செக்யூரிட்டி அறையில் இருப்பதாகச் சொன்னார்கள். நான் அதற்கு முன் அந்த அறைக்குள் போனதில்லை. நல்ல ஏசி. சுவரில் பெரிய டிவி, அதில் கட்டம் கட்டமாகக் கேமரா படங்கள். மெஷின் ஓடும் ஹால், பேப்பர் குடோன், வாசல். ஒரு கட்டத்தில் எங்கள் மாடி. மல்லாங்கிணற்றுப் பெண் ஓர் அட்டையால் விசிறிக்கொண்டிருந்தாள், அவளுக்கு அல்ல, லேப்டாப்புக்கு. பக்கத்தில் காலியாக என் நாற்காலி.

டிவிக்குக் கீழே என் டெஸ்க்டாப் இருந்தது.

மற்ற மூன்று பெட்டிகள் எங்கே போயினவோ, இது என்னுடையதுதான். ஸ்விட்ச் பக்கத்தில் நான் ஒட்டிய சின்ன ஸ்டிக்கர் பொட்டு அப்படியே இருந்தது. முன்னைப் போலவே, சத்தமே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

"இது எக்ஸ்சேஞ்சுல போயிருச்சுன்னீங்க சார்?"

அவர் முகத்தில் ஒரு கூச்சமும் இல்லை. அதைத்தான் என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை. பொய் சொன்னது பிடிபட்டால் மனுசனுக்கு ஒரு நிமிஷமாவது முகம் மாறும். அவர் டீயை உறிஞ்சிவிட்டுச் சாவகாசமாகச் சொன்னார்:

"அதுவா? கேமராவுக்கு லேப்டாப் வேணாம்னு டீலர்தான் சொன்னாரு. நாள் பூரா ஓடணும்ல, தாங்காதாம்."

"நாங்களும் நாள் பூராதானே சார் ஓட்டுறோம்?"

"நீங்க நடுவுல எந்திரிச்சு டீ குடிக்கப் போறீங்க, பாத்ரூம் போறீங்க. அப்ப அது ஆறிக்கிரும்ல? கேமரா அப்பிடியா?" என்று டிவியைக் காட்டினார். அதில் என் நாற்காலி காலியாகவே இருந்தது. "இப்பக்கூடப் பாருங்க, எம்புட்டு நேரமா ஆளில்ல."

லீவு கேட்காமலேயே வெளியே வந்தேன். குடோன் ஓரமாகப் போய் நின்று வாயைக் கொப்பளித்தேன். கெட்டுப்போன எதையோ வாயில் போட்டுவிட்ட மாதிரி இருந்தது. என்னிடமிருந்து பிடுங்கிய மெஷினாலேயே என்னை வேவு பார்த்திருக்கிறார்கள். மீசை காணாமல் போன அன்றும் அது அங்கே உட்கார்ந்து என் முதுகைத் திரையில் காட்டிக்கொண்டிருந்திருக்கும்.

உடனே வேலையை விட்டுவிட்டேன் என்று எழுத ஆசைதான். விடவில்லை. என் கையில் இருந்த காலண்டர்களை நடுவில் போட்டுவிட்டுப் போனால் அவை மல்லாங்கிணற்றுப் பெண்ணின் தலையில்தான் விழும். முடிக்கிறவரை இருந்தேன். ஆனால் அன்றிலிருந்து லேப்டாப்பை வீட்டுக்குத் தூக்கிப் போகவில்லை. கொள்ளிக்கட்டை மாதிரி சுடும் அதை மேஜையிலேயே விட்டுவிட்டுப் பஸ் ஏறுவேன். மெசேஜ் வந்தால் பார்ப்பேன், பதில் போடமாட்டேன். ஃபைலைத் தட்டிவிட்டு, அது முடிய எவ்வளவு நேரம் ஆகிறதோ அவ்வளவு நேரம் சும்மா உட்கார்ந்து திரையையே பார்ப்பேன். கேமராவில் பார்க்கட்டும். வாட்ஸ்அப்பில் என் பெயர் கடைசியிலேயே நின்றது. கடைசி பிளேட் போன மறுநாள் போய்ச் சொன்னேன், இனி வரமாட்டேன் என்று. அவர் ஏன் என்று கேட்கவில்லை. "பஸ்ஸுல அலைச்சல்தான், புரியுது" என்றார். அவராகவே ஒரு காரணத்தை எடுத்துக்கொண்டார். நானும் அதைத் திருத்தாமலேயே வந்துவிட்டேன், அவ்வளவு வெறுப்பு.

இப்போது விருதுநகரிலேயே ஒரு சின்ன டிசைன் கடையில் இருக்கிறேன். மிளகாய்த்தூள் பாக்கெட், பருப்பு மூட்டைக்கு மார்க், கடைத்திறப்பு நோட்டீஸ். சாமிகள் குறைவு. சேருவதற்கு முன்னால் மேஜைக்கு அடியில் குனிந்து பெட்டி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சரி என்றேன். கடைக்காரர் நான் எதையோ தவறவிட்டுத் தேடுவதாக நினைத்து அவரும் குனிந்தார். தொடையில் விழுந்த கோடுகள் மங்கிவிட்டன, முழுதாகப் போகவில்லை.

மல்லாங்கிணற்றுப் பெண் இன்னும் அங்கேதான் இருக்கிறாள். அவளுக்கு வேறு வழியில்லை. போன மாதம் போன் பண்ணினாள். மாடிக்கு ஏர்கூலர் வந்துவிட்டதாம்.

"பரவாயில்லையே, மனசு எளகிருச்சா?" என்றேன்.

"அட ஏங்க்கா நீங்க. கூலர லேப்டாப்பு வரிசையப் பாத்து வச்சிருக்காக. நடுவுல உக்காந்து காத்த மறைக்காதீகன்னு செவுத்துல எழுதிப் போட்டிருக்காக. சேரக்கூடத் தள்ளிப் போட்டுட்டாக. கைய நீட்டித்தான் டைப் அடிக்க வேண்டியிருக்கு."

சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். சிரிப்பு நிற்கவே இல்லை. எனக்குச் சிரிப்பு வரவில்லை. "நீயும் வந்துரு புள்ள, இங்கன கேட்டுப் பாக்குறேன்" என்றேன். பாக்கலாம்க்கா என்றாள். அவள் குரலுக்குப் பின்னால் அந்த ஊய் என்ற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. போனை வைத்துவிட்டேன்.